ஒருவருக்கு ஒருமுறை

நடுநிலை என்னும் அறம் மற்ற அறங்களைப் போன்றதன்று. கொடைக்குக் கையில் பொருள் வேண்டும். வீரத்துக்குப் பகைவன் வேண்டும். பொறுமைக்கு எரிச்சலூட்டும் உறவினர் ஒருவராவது வேண்டும். நடுநிலைக்கோ இரு தரப்பையும் ஒரே கண்ணால் நோக்கும் நெஞ்சு ஒன்றே போதும். அந்த நெஞ்சை இறைவன் தமக்கு மட்டுமே கொடுத்தனுப்பினான் என்று உறுதியாக நம்பும் ஓர் இனம் உலகில் உண்டு. அவ்வினத்தாரை நடுநிலையார் என்று அழைப்போம். குடியிருப்போர் சங்கத்தில் அவரைக் காணலாம். அலுவலகத்தில் விடுப்புப் பட்டியலைத் திருத்தும் குழுவிலும் காணலாம். ஆனால் அவர் முழுமையாக மலர்ந்து மணம் வீசும் இடம் வேறு. பல்லாயிரவர் பல்லாண்டுகளாகக் கூடி வாழும் இணைய விளையாட்டு உலகமே அது.

நம் நடுநிலையார் தொழிலால் எடையளவு ஆய்வாளர். பகலெல்லாம் கடை கடையாகச் சென்று தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவார். மாலையில் வீடு திரும்பி, காலணியைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கணினியின் முன் அமர்ந்ததும் இரும்புமார்பர் ஆகிவிடுவார். விளையாட்டில் அவர் பெயர் அது. சூட்டியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? பதினோராண்டுகளாக ஒரே வேல்வீரனை வளர்த்து வருகிறார். அதில் எட்டாண்டுகளாக வடகோட்டையின் தலைவர்.

அவ்வுலகம் இரவும் பகலும் ஓயாமல் நடப்பது. நடக்கும் உலகில் ஒரு கை ஓங்கும், ஒரு கை தாழும். ஆகவே அதைப் படைத்த நிறுவனத்தார் மூன்று திங்களுக்கு ஒருமுறை வாளில் கொஞ்சம் குறைத்து, வில்லில் கொஞ்சம் கூட்டி, சமநிலை மாற்றம் என்று அறிவிப்பார்கள். மற்றவர்க்கு அது மழை வெயில் போல. வந்தால் குடை பிடிப்பார்கள். நம்மவருக்கோ அது பிறவிப் பயன்.

தோற்றவர் என்ன செய்வார்? சிலர் பழகுவர், சிலர் திட்டுவர், சிலர் கணினியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பர். நடுநிலையார் ஒருநாளும் தோற்றதில்லை. சமநிலை குலைந்த தருணங்களை மட்டுமே அவர் சந்தித்திருக்கிறார். ஓர் அம்பு அவரை வீழ்த்திய மறுநாளே அம்பின் தொலைவைக் குறைக்கச் சொல்லி மனு போகும். குதிரைவீரன் ஒருவன் இடித்துத் தள்ளினால் குதிரைக்கு மூச்சு வாங்க வேண்டாமா என்று மனு போகும். மந்திரவாதி ஒருவன் அவரை ஒரு நாழிகை தவளையாக்கி வைத்தபோது போன மனு ஒன்பது பக்கம். எல்லா மனுக்களும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: “இதை எனக்காகக் கேட்கவில்லை, விளையாட்டின் நலனுக்காகக் கேட்கிறேன்.” வேல் பற்றி மனு உண்டா? இல்லை. வேல் மட்டும் படைப்பிலேயே சரியாக அமைந்துவிட்டது.

இனி சும்மா இருக்கட்டும் என்று எண்ணியோ, இவர் சும்மா இருக்கமாட்டார் என்று தெளிந்தோ, நிறுவனத்தார் அவரைத் தங்கள் ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் அடுத்த அறையையும் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பவர் அவருடைய மாமியார். முப்பதாண்டுகள் மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோராண்டுகளுக்கு முன், முழங்கால் வலியால் அவர் வீட்டோடு அடங்கிய காலத்தில், மாப்பிள்ளையே பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்து, வைத்தியர் வேடத்தில் அவரை விளையாட்டில் சேர்த்துவிட்டார். பெயர் மருந்துப்பெட்டி. வேலை ஒன்றே. மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர்மேல் காயம் படுந்தோறும் பச்சை ஒளி வீசி ஆற்ற வேண்டும். கோட்டையிலுள்ள மற்ற முப்பது பேரும் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். தலைவர் மட்டும் குன்றுபோல் நிற்பார். போர் முடிந்ததும் யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற பட்டியல் வரும். அதன் இரண்டாம் பக்கத்தில் யார் யாரை எத்தனை முறை ஆற்றினார் என்பதும் இருக்கும். அந்த இரண்டாம் பக்கத்தைப் பதினோராண்டுகளில் அவர் திறந்ததே இல்லை. மார்பு இரும்பாக இருக்கையில் மருந்துக் கணக்கு எதற்கு?

வினை இப்படித்தான் வந்தது. தென்கோட்டையைப் பிடிக்கப் போனவரை, அங்கே ஒரு வாயிற்காவலன் ஒரு மணி நேரம் தடுத்து நிறுத்தினான். குத்தக் குத்த எழுந்தான். பின்னால் இரண்டு வைத்தியர்கள். நடுநிலையார் திரும்பி வந்தார், தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார். விளையாட்டின் நலனுக்காக அன்று அவர் கேட்டது இது: ஒரு முற்றுகையில் ஒரு வைத்தியர் ஒருவரை ஒருமுறைதான் ஆற்றலாம். ஆலோசனைக் குழு தலையசைத்தது. அடுத்த அப்டேட்டில் அது சட்டமாயிற்று.

சாப்பாட்டு மேசையில் அவர் இச்செய்தியை அறிவித்தபோது மாமியார் மெல்லக் கேட்டார். “அப்ப உங்களையும் ஒரு தடவைதானே தேத்த முடியும், மாப்பிள்ளை?”

“எனக்கெதுக்கு அத்தை வைத்தியம்? நீங்களும் கூட இருக்கணுமேன்னுதான் பின்னாடி நிக்கச் சொன்னேன்.”

மனைவி தண்ணீர்க் குவளையைச் சற்று அழுத்தியே வைத்தாள். “பதினோரு வருஷமா எங்கம்மா உங்க முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.”

அடுத்த ஞாயிறு பிற்பகல் தென்கோட்டையார் படையெடுத்து வந்தனர். அவ்வுலகின் பழைய விதி ஒன்று உண்டு. முற்றுகையில் வீழ்ந்த தலைவர் அது முடியும்வரை எழ முடியாது. அவர் வீழ்ந்தபின் கோட்டை தப்பினால், அன்று வீழ்த்தியோ ஆற்றியோ மிகுந்த புள்ளி பெற்றவர் கைக்குச் சாவி போகும். எட்டாண்டுகளாக இவ்விதி உறங்கிக் கிடந்தது. நம்மவர் வழக்கம்போல் மதிலிலிருந்து பகைவர் நடுவே குதித்தார். முதல் காயம், பச்சை ஒளி வீசிற்று. இரண்டாம் காயம், ஒளி இல்லை. மூன்றாவதும் பட்டது.

“அத்தை, வைத்தியம்,” என்றார் சுவரைப் பார்த்து.

“ஒருத்தருக்கு ஒரு தடவைதான் மாப்பிள்ளை. உங்க சட்டம்.”

நான்காம் நிமிடத்தில் இரும்புமார்பர் சாய்ந்தார். திரை சாம்பல் நிறமாயிற்று.

அப்போதுதான் மருந்துப்பெட்டி முதன்முறையாக முகத்தைத் திருப்பினார். முப்பது பேர். பதினோராண்டுகளாகத் தம் பக்கத்திலேயே விழுந்து மடிந்தவர்கள். அவர்களின் பெயர்களைக்கூட அவர் படித்ததில்லை. பழைய வார்டில் படுக்கை வரிசைப்படி நடந்து பழகிய கை அல்லவா? இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, சாயப் போகிறவரை முதலில் பார்த்து, ஒருவருக்கு ஒருமுறை என்று பிசகாமல் ஒளி வீசிக்கொண்டே போனார். முப்பது பேரும் நின்றார்கள். கோட்டையும் நின்றது. சாவி மருந்துப்பெட்டியின் கைக்குப் போயிற்று.

வீழ்ந்தவருக்கு வேறு வேலை ஏது? நடுநிலையார் அன்று இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியில் தம் பெயர், எதிரே ஒன்று. அதன்கீழ் முப்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று. எடையளவு ஆய்வாளர் தம் பணிக்காலம் முழுவதும் பார்த்த தராசுகளில் இவ்வளவு நேராக நின்றது ஒன்றும் இல்லை. அதற்கும் கீழே, இன்றைக்கு முன்புவரை பதினோராண்டுகளின் மொத்தம் என்று ஒரு வரி இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவர் பக்கத்தை மூடிவிட்டார்.

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “கோட்டைய எப்படிப் பூட்டறதுன்னு தெரியல மாப்பிள்ளை. கொஞ்சம் காட்டறீங்களா?”

காட்டினார். பொறுமையாகவே காட்டினார். பிறகு அறைக்குத் திரும்பி, கண்ணாடியைத் துடைத்து, எழுதத் தொடங்கினார்: “இதை எனக்காகக் கேட்கவில்லை. வைத்தியர்கள் கோட்டைத் தலைமை ஏற்பது சமநிலைக்கு...”

வாசகரே, சிரிப்பு வருகிறதல்லவா? வரட்டும். சிரித்து முடித்தபின், பொதுநன்மைக்காக நீங்கள் கடைசியாகக் கேட்ட விதியை நினைத்துப் பாருங்கள். அதைக் கேட்ட நாளுக்கு முந்தின நாள் எங்கே தோற்றீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலும் பிழையில்லை.

இரும்புமார்பர் இல்லம் வாழ்க. அவர் முத்திரையிட்ட தராசுகள் எல்லாம் நேர் நிற்க. அந்த மனையின் மேசைமேல் தண்ணீர்க் குவளை ஓசையின்றி அமர்க. அத்தையின் முழங்கால் நோவு தீர்க; அவர் கைப் பச்சை ஒளி அவ்வீட்டார் ஒவ்வொருவர் மேலும் படுக, ஒருமுறையோடு நில்லாமல்.