இருபத்தைந்து கொம்பன்கள்

சத்தியம் என்ற சரக்கு இந்த உலகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கின் வேட்டைக்காரர் சங்கம்தான். செயலாளர் என்ற முறையில் இதை நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து, கூட்டக் குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

எங்கள் உறுப்பினர்களுக்குப் பொய் என்றால் ஆகாது. ஆண்டுதோறும் ஆளுக்கொரு எல்க் மானை, அதுவும் கொம்புள்ள ஆணாக, கொம்பனாகப் பார்த்து, சுட்டுவிடுவார்கள். 'மான் எங்கே?' என்று கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம். கொம்பின் அகலத்தைக் கை விரித்துக் காட்டினால் போதும். தலைவர் விர்ஜில் ஸ்டென்ரூட் கை விரித்தால் பக்கத்து மேசையில் பீர் கவிழும்.

இப்பேர்ப்பட்ட உத்தமர்கள் தலையில்தான் கானுயிர்த் துறை புது விதியைக் கொண்டுவந்து போட்டது. எல்க் குறைந்துவிட்டதாம். இனிமேல் வேட்டைப் பருவத்துக்கு மொத்தம் இருபத்தைந்து கொம்பன்கள்தானாம். சுட்டவர் அன்றைக்கே போன் போட்டுப் பதிவுசெய்ய வேண்டும். பெயர்ப் பட்டியல் உடனுக்குடன் ஊரார் பார்வைக்கு வந்துவிடும். இருபத்தைந்தாவது பெயர் ஏறிய நிமிடமே பருவம் முடிந்தது.

பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. விர்ஜில் எழுந்து, துறை அதிகாரி கோராவை நோக்கி விரலை நீட்டினார்.

"இந்தாம்மா, எங்க தாத்தன் மான் சுட்டுட்டு யாருக்கும் போன் போடல!"

"அப்போ போனே கிடையாதுங்களே," என்றார் கோரா.

"அதைத்தான் சொல்றேன்! அம்புட்டு சுதந்திரமா இருந்தாங்க!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"மானைத் தின்னது ஓநாய். மொதல்ல இந்தப் பள்ளத்தாக்குல எத்தன ஓநாய் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. அப்புறம் வந்து எங்கள எண்ணுங்க!" என்றார் விர்ஜில்.

இதையே தீர்மானமாக்கித் துறைக்கு அனுப்பினோம். எதிர்த்துக் கை தூக்கியது ஒரே ஆள், பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா பிக்கெட். மர ஆலையில் இடுப்பொடிந்த புருஷன், மூன்று பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு எல்க்கைச் சுடுவாள். வெட்டி ஃப்ரீசரில் அடைப்பாள். அடுத்த கோடை வரை வீடே அதைத்தான் தின்னும். கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேட்டையின் மாண்பே இந்த மாதிரி ஆட்களால்தான் கெடுகிறது.

"விதி இருந்தாத்தான் மான் இருக்கும், விர்ஜில். எனக்கு ஒண்ணு போதும். ஆகஸ்ட்லயே ஃப்ரீசர் காலி," என்றாள்.

"நாங்க இத்தன பேர் எதுக்கு இருக்கோம்? ஒன்னைக் கறி இல்லாம விட்டுருவோமா?" என்றார் விர்ஜில். அதற்கும் கைதட்டினோம்.

பருவத்தின் முதல் நாள். விர்ஜில் பிக்கப் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி டோனட்டோடு காட்டுச் சாலையில் இரண்டு முறை போய்வந்து, கடுமையாக வேட்டையாடினார். மத்தியானம் பாருக்கு வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அவருக்கு முன்பே அங்கே வேட்டையாடிக்கொண்டிருந்தோம்.

ராய்ஸ் என்ற உறுப்பினர்தான் போனைத் தடவியபடி வாயைத் திறந்தார். "பட்டியல்ல ஒரு பேரையும் காணோமே! என்னய்யா விர்ஜில், ஒம்பேரு கூடவா இல்ல?"

நாற்பது வருஷத்து மானம் பீர்க் குவளை விளிம்பில் நின்றது. விர்ஜில் எழுந்தார். கழிவறைக்குப் போனார். மூன்று நிமிடத்தில் திரும்பினார். பட்டியலில் முதல் பெயர் மின்னியது: விர்ஜில் ஸ்டென்ரூட், ஆறு கிளைக் கொம்பன்.

"காலைலயே அடிச்சேன். சொல்ல மறந்துட்டேன்."

ராய்ஸுக்கும் திடீரென்று வயிறு கலக்கியது. போய் வந்தார். ஏழு கிளை! அதற்குப் பிறகு கழிவறை வாசலில் நின்ற வரிசை, இந்தப் பாரில் சூப் கெட்டுப்போன வருஷத்தில்கூட நின்றதில்லை. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் பருவம் இனிதே முடிந்தது. அதுவரை பள்ளத்தாக்கில் ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு லோர்னா வந்தாள். பூட்ஸெல்லாம் பனி.

"விடிஞ்சதுலேர்ந்து தடம் பார்த்து ஏறினேன். அஞ்சு மணிக்கு எதிர்ல வந்து நின்னுச்சு, கொம்பன். விரல் துப்பாக்கி விசைமேல. அப்பப் போன் கிணுகிணுன்னுது. இருபத்தஞ்சும் முடிஞ்சுதுன்னு."

"யாருக்குத் தெரியப்போவுது? சுட்டிருக்கலாமே!" என்றார் ராய்ஸ்.

"விதி வேணும்னு கை தூக்குனவ நான். எப்படிய்யா சுடுவேன்?" அவள் விர்ஜிலிடம் திரும்பினாள். "கறி தர்றேன்னு சொன்னியே. ஒரு தொடை குடு. போதும்."

விர்ஜில் தொண்டையைச் செருமினார். "கறி... கசாப்புக்காரன்கிட்ட இருக்கு."

வேட்டைக்கறி வெட்டித் தரும் ஆஸ்கர் அடுத்த முக்காலியில்தான் இருந்தான். "எங்கிட்டயா? காலைலேர்ந்து கத்தியில ஈ கூட ஒக்காரலியே!"

"அப்போ ஓநாய்தான்," என்றார் விர்ஜில். "வண்டிலேர்ந்து இழுத்துட்டுப் போயிருச்சு."

"எனக்கும் அதே ஓநாய்தான்!" என்று கத்தினார் ராய்ஸ். எல்லாக் கொம்பன்களையும் ஓநாய்களே தின்றதாக அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார்கள். நான் பேனாவைத் திறந்தேன்.

லோர்னா போனை என் மேசைமேல் வைத்தாள்.

"கடைசிப் பேரைப் படி, எல்டன்."

படிக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தைந்து: எல்டன் ஹார்விக், ஐந்து கிளை, மாலை 4.52.

"இந்த வருஷம் துப்பாக்கியத் தொட்டியா நீ?"

"தொட்டேன்... தொடைக்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் தடவையாக என்று வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம்.

"இருபத்துநாலு பேர் பொய் சொன்னப்பவும் எனக்குன்னு ஒண்ணு மிச்சமிருந்துச்சு, எல்டன். அதைத் தின்னது நீ," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஓநாய்களை எண்ணச் சொன்ன எங்கள் தீர்மானத்துக்குத் துறை இன்னும் பதில் போடவில்லை. அவர்களைச் சிரமப்படுத்துவானேன் என்று நானே எண்ணி அனுப்பிவிட்டேன். மொத்தம் இருபத்தைந்து. பெயரும் நேரமும் பட்டியலில் உள்ளபடி. கீழே கடைசி ஓநாயின் கையெழுத்து.