மதகைத் திறக்க மூன்று மேஜை

ஒரு காட்டில் ஏரி மதகைத் திறக்க வேண்டியிருந்தது. திறக்கவில்லை. தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தத் தப்புக்கு மேஜை போட்டு உட்கார்ந்தவர்கள் கதை.

மூன்று நாள் மழை. ஏரி நிரம்பிவிட்டது. மதகுக்கு நாலு முழம் தள்ளி, ஏரிக்கரையில் மூக்காயி என்ற வெள்ளெலியின் வளை. உள்ளே ஏழு குட்டி. இன்னும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகலாமே என்பீர்கள். எதிர்ப் பனைமரத்தில் இரண்டு பருந்து காலையிலிருந்து உட்கார்ந்திருக்கின்றன. தாய் தனியாக ஓடினால் தப்பும். வாயில் குட்டியோடு ஓடினால் தப்பாது. ஏழு நடை வேறு.

வளையின் அடி அறையில் தண்ணீர் கசிந்ததும், மதகைக் காவல் காக்கும் நீர்நாய்ச் சடையனிடம் மூக்காயி ஓடினாள்.

"அண்ணே, மதகைத் திறந்துவிடுங்க. வீட்டுக்குள்ள தண்ணி."

"தெரியும் தங்கச்சி. திறந்தே ஆகணும். பொழுது சாயறதுக்குள்ள திறக்காட்டி உன் வீடு மட்டுமா போகும்? கரையே போயிடும்."

"அப்ப திறங்க."

"உத்தரவு வேணும்."

"கை உங்க கை. திறக்க என்ன தடை?"

"எங்கப்பாவும் அப்படித்தான் நினைச்சார். உத்தரவில்லாம ஒருதரம் திறந்தார். காடு பிழைச்சுது. அவருக்கு வால் போச்சு."

வாலைப் பற்றிப் பேசும்போது யாரும் வாதாட முடியாது. சடையன் ஓர் ஓலையில் எழுதினான்: 'மதகைத் திறந்தே ஆகவேண்டும். இன்று மாலைக்குள்.' காவலை விட்டு அவன் நகரக்கூடாது. ஓலையை மூக்காயியே கவ்விக்கொண்டு ஓடினாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்டில் அலுவலக மொழி இங்கிலீஷ். சடையன் ஓலையில் எழுதியதும் அதில்தான்; 'ஆகவேண்டும்' என்பதற்கு அங்கே 'மஸ்ட்'. எந்த மிருகத்துக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மொழி வைத்திருப்பார்கள். ஒரு கிளியை வரவழைத்து வகுப்பு நடத்தினார்கள். கிளி ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தது. ஒருவர் சொன்னதை நீ பிற்பாடு 'அவர் இப்படிச் சொன்னார்' என்று எடுத்துச் சொல்கிறாயா, வினையை ஒரு படி இறக்கு. வில் என்றால் வுட். கேன் என்றால் குட். மே என்றால் மைட். மஸ்ட் மட்டும் கெட்டிப் பயல், அவனைத் தொடாமல் விட்டாலும் தப்பில்லை. இறக்குவது பேச்சு பழசாகிவிட்டது என்று காட்டத்தான், சொன்னவரின் உறுதியைக் குறைக்க இல்லை. அதை நாளைக்கு விளக்குகிறேன் என்றது கிளி.

மறுநாள் வகுப்புக்கு யாரும் வரவில்லை.

அலுவலகத்துக்கு 'ஒரு படி இறக்கு' மட்டும் பிடித்துப்போயிற்று. மேஜைக்கு ஒரு படி என்று வழக்கமாக்கிக்கொண்டார்கள். இறக்காமல் மேலே அனுப்பினால் அந்த மேஜை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மன்னர் சிங்கத்துக்கு முன்னால் மொத்தம் மூன்று மேஜை.

முதல் மேஜை முள்ளம்பன்றி. ஓலையைப் பார்த்ததும் முள் சிலிர்த்தது.

"மஸ்ட்டா? மன்னருக்கே மஸ்ட்டா? யாரும்மா எழுதினது?"

"மதகுக்காரர் ஐயா. கொஞ்சம் சீக்கிரம்…"

"அவன் சொன்னதை இப்ப நான் சொல்றேன். என்ன பண்ணணும்?"

"மேல சொல்லணும்."

"இறக்கணும்!"

மஸ்ட்டை அடித்து ஷுட் போட்டது. 'மதகைத் திறப்பது நல்லது என்று காவலர் சொன்னார்.'

இரண்டாவது மேஜை உடும்பு. பிடித்த ஓலையைச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை விடவில்லை.

"ஐயா, ஏழு குட்டி ஐயா."

"குட்டிக்கு வேற மேஜை."

ஷுட்டை அடித்து மே போட்டது. 'திறக்கலாம் என்று காவலர் சொன்னதாக முதல் மேஜை சொன்னது.'

மூன்றாவது மேஜை கொக்கு. ஒற்றைக்காலில் நின்றுதான் கையெழுத்துப் போடும். மே மைட் ஆனது. மன்னர் குகைக்குள் போய்க் கொக்கு படித்தது: "திறந்தாலும் திறக்கலாம்போலும் என்று காவலர் சொன்னதாக முதல் மேஜை சொன்னதாக இரண்டாம் மேஜை சொன்னது, மன்னா."

சிங்கம் காதைச் சொறிந்தது. "திறந்தாலும் திறக்கலாம்னா, திறக்காட்டியும் பரவாயில்லைன்னுதானே?"

"மன்னர் சொன்னால் அப்படியும் இருக்கலாம்."

"சரி, வை."

திரும்பிப் படுத்துக்கொண்டது.

குகை வாசலில் கேட்டுக்கொண்டிருந்த மூக்காயி வளைக்கு ஓடினாள். நடு அறைவரை தண்ணீர். ஏழையும் ஒவ்வொன்றாகக் கவ்வி மேல் அறைக்கு ஏற்றினாள். அதற்கு மேல் அறை இல்லை.

வெளியே வந்தபோது சடையன் கேட்டான். "என்ன தங்கச்சி, உத்தரவு?"

"மஸ்ட் மைட் ஆயிருச்சு அண்ணே."

"நான் அழுத்தித்தானே எழுதினேன்?"

"நீங்க அழுத்தினா? அங்க மூணு பேர் உட்கார்ந்து தேய்க்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தாள். "உண்மையைக் கொண்டுபோனா சந்தேகமாப் போய்ச் சேருது. அப்ப எதைக் கொண்டுபோனா உண்மையாப் போய்ச் சேரும்?"

"எனக்கு மதகுதான் தெரியும்."

"அதான் உங்களை இங்க வச்சிருக்காங்க. ஓலை ஒண்ணு கொடுங்க."

அவளே எழுதினாள். இரண்டு வரி. 'ஏரி உடைந்தது. மன்னர் மூழ்கிச் செத்துவிட்டார்.'

முள்ளம்பன்றி அதை வாங்கிப் படித்தது. உள்ளே குகையில் மன்னர் கொட்டாவி விடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஏம்மா, மறுபடி வந்துட்டியா? இது நடந்ததா?"

"எழுதியிருக்கே ஐயா."

"எழுதியிருக்கு. அதுவும் சரிதான். விஷயம் நம்ம மேஜை இல்லை. வினைதான் நம்ம மேஜை." கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. "செத்துவிட்டார். ரொம்ப உறுதியா இருக்கு. ஒரு படி இறக்குவோம்."

'செத்துவிட்டார்' போய் 'சாவார்' ஆனது.

உடும்பு சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு உட்கார்ந்திருந்தது. 'சாவார்' என்பதைச் 'சாகக்கூடும்' ஆக்கியது. கொக்கு காலை மாற்றி நின்று இன்னும் ஒரு படி இறக்கியது. உள்ளே போயிற்று. மூக்காயி அதன் பின்னாலேயே நுழைந்து தூண் மறைவில் நின்றாள். இந்நேரம் மேல் அறைக்குத் தண்ணீர் வந்திருக்கும்.

கொக்கு படித்தது. "மன்னர் மூழ்கிச் செத்தாலும் சாகக்கூடும் என்று சொன்னதாகச் சொன்னதாகச் சொல்லப்பட்டது, மன்னா."

சிங்கம் எழுந்து உட்கார்ந்தது.

"யாரு?"

"மன்னர்."

"எந்த மன்னர்?"

"காட்டில் ஒருவர்தான் இருக்கிறார்."

"எதுல மூழ்கி?"

"ஏரியாக இருக்கலாம்."

"மதகைத் திறக்கச் சொல்லுய்யா! இப்பவே!"

கொக்கு நிதானமாக ஓலை எடுத்தது. "'மதகைத் திறப்பது நல்லது என்று மன்னர்…'"

"என்னய்யா எழுதறே? நான் திறன்னு சொன்னேன்."

"மன்னர் சொன்னதை இப்போது நான் சொல்கிறேன். ஒரு படி இறக்க வேண்டும். கீழே போகும் வழியில் இன்னும் இரண்டு மேஜை இருக்கிறது."

சிங்கத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாகக் கணக்குப் போடத் தோன்றியது. "அப்ப இத்தனை வருஷமா நான் போட்ட உத்தரவெல்லாம்?"

"யோசனையாகப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும், மன்னா."

சிங்கம் பாய்ந்தது. மூன்றாவது மேஜை கவிழ்ந்தது. இரண்டாவது மேஜை உடைந்தது. முதல் மேஜைக்காரர் சுருண்டு பந்தாகிவிட்டார். அவர்கள் குலத்தில் அது பரம்பரைத் திறமை. மூக்காயி பின்னால் ஓடினாள். பருந்துகள் அவளைக் கவனிக்கவில்லை. ராஜா ஓடுவதை அவை அதற்கு முன் பார்த்ததில்லை.

கரையில் நின்று சிங்கம் கத்தியது. "திற!"

சடையன் கும்பிட்டான். "உத்தரவு மன்னா. ஆனா வாய்மொழி செல்லாது. மூணு மேஜை வழியா எழுத்துல வந்தா உடனே…"

சிங்கம் வாயைத் திறந்தது. பேசவில்லை. பல்லை மட்டும் காட்டியது.

பல்லை ஒரு படி இறக்கிச் சொல்ல எந்த மொழியிலும் வழியில்லை. சடையன் மதகைத் திறந்துவிட்டான்.

தண்ணீர் இறங்கிற்று. மூக்காயி வளைக்குள் ஓடிப் பார்த்தாள். மேல் அறையில் ஒரு விரற்கடை ஈரம். ஏழு குட்டியும் வயிறு நனைந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தன. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஏழு. அப்படியே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விசாரணை. அதுவும் நடக்காமல் காடா?

சடையன்மேல் குற்றம்: மன்னர் உயிருக்கு ஆபத்து இருந்தபோது, மதகைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறான். வால் தப்பியது. சம்பள மீன் பாதியாகக் குறைந்தது.

அடுத்து மூக்காயி.

"நீ என்னம்மா எழுதின?" சிங்கம் கேட்டது.

"ஓலையில என்ன இருக்கோ அதுதாங்க."

கொக்கு தன் கையெழுத்துப் போட்ட ஓலையை எடுத்துப் படித்தது. செத்தாலும் சாகக்கூடும்.

சிங்கம் யோசித்தது. "செத்திருக்கக்கூடும்தானே? சரியாத்தானே எழுதியிருக்கா. பயிற்சி இல்லாத எலிக்கு இருக்கற நிதானம் மதகுக்காரனுக்கு இல்லையே."

மூல ஓலையைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. எலி வந்துபோன அலுவலகத்தில் ஓலை கிடைக்காதது பெரிய அதிசயம் இல்லை.

கரையில் கல் நட்டார்கள். 'மன்னர் மதகைத் திறந்தார்' என்று வெட்டச் சொன்னது சிங்கம். வாசகம், ஒட்டுப்போட்டு நிமிர்த்திய அதே மூன்று மேஜை வழியாகக் கல்தச்சனிடம் போயிற்று. 'மன்னர் மதகைத் திறந்தாலும் திறந்திருக்கக்கூடும்' என்று மரங்கொத்தி கொத்தி வைத்தது. இன்றைக்கும் இருக்கிறது. கல்லில் என்ன இருந்தால் என்ன? காரியத்தை முடித்தவள் ஒருத்திதான். வெள்ளெலி மூக்காயி.

நீதி: தங்கத்துக்கு இருப்பதுபோல உண்மைக்கும் சேதாரம் உண்டு. மேலே எத்தனை மேஜை என்று எண்ணிப் பார்த்து, அந்த அளவு பொய்யைச் சேர்த்து அனுப்பு. போய்ச் சேரும்போது எடை சரியாக இருக்கும்.