நாலாயிரம் அம்மாக்களும் ஒரு அ.க.வும்

அன்று காலை ஏழே முக்காலுக்கு நான் ஒரு தாயாக மாறுவதென்று முடிவு செய்தேன்.

அதற்கு ஐந்து நிமிடம் முன்புவரை நான் சாதாரணத் தகப்பன்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில், எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. ஒன்பது வருடம் உழைத்துச் சம்பாதித்த ஜன்னலோர மேஜை. வீட்டில் ஒரு மனைவி, பத்து மாதத்தில் ஒரு மகள். மனைவி பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சமையலறை மேடையில் அவளுடைய டேப்லெட் திறந்து கிடந்தது. நான் பார்க்கவில்லை. கண் பார்த்தது.

ஏதோ அம்மாக்கள் குழு. அதில் 'ஊசி' என்ற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள். என் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பவள். ஆகவே இதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை.

"முதல் தேதிக்கு நான் லேபுக்குத் திரும்பணும். இல்லேன்னா என் இடம் வேற ஆளுக்குப் போயிடும். என் அ.க.வுக்கு ஆபீஸ்ல மூணு மாசம் அப்பா லீவு இருக்கு. அ.ம.வைப் பாத்துக்க அதை எடுக்கச் சொல்லணும். எப்படிக் கேட்டா ஒத்துக்குவார்?"

அ.க. என்றால் அன்புக் கணவர். அ.ம. என்றால் அன்பு மகள். அ.மா. என்றால் அன்பு மாமியார். குழுவின் விதிகளில் முதல் விதியே இதுதான். யாரும் பெயர் சொல்லக் கூடாது, யாரைக் குறிப்பிட்டாலும் முன்னால் 'அ' இருக்க வேண்டும். அந்த ஒற்றை எழுத்தை மாட்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். 'என் அ.க. ஈரத் துண்டை மெத்தையில் போடும் ஜென்மம்.' 'என் அ.மா. வாயைத் திறந்தாலே எனக்குத் தலைவலி.' இப்படி நாலாயிரம் பேர் அன்பைப் பொழிந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆபீஸில் அந்த லீவை இதுவரை எடுத்தவர் ஒரே ஒருவர். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அவருடைய மேஜை நகல் எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. என் ஜன்னல் மேல் இரண்டு பேருக்குக் கண் என்பது எனக்குத் தெரியும். முதல் தேதிக்கு இன்னும் நாலு வாரம். அதற்குள் அந்தக் குழுவில் நுழைந்து அவள் மனதை மாற்றிவிட வேண்டும்.

ஆபீஸில் உட்கார்ந்து 'இரட்டையரின் தாய்' என்று பதிவு செய்தேன். ஒரு குழந்தை வைத்திருப்பவர்கள் இரண்டு வைத்திருப்பவளுக்குக் கட்டுப்படுவார்கள் அல்லவா? ஆனால் குழுவை நடத்தும் 'காவல் அக்கா' என்ற அம்மாள் வாசலிலேயே நிறுத்தினார். புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிடத்துக்குள் மூன்று கேள்விக்குக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி பதில் சொல்ல வேண்டுமாம். குழந்தை காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது? கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது? எத்தனை பல்?

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பாப்பாவுக்கு எத்தனை பல்லு?"

"என்னது?"

"பல்லு. எத்தனை?"

"மூணு. எதுக்குங்க?"

"சும்மா ஞாபகம் வந்துச்சு. காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவா? கடைசியா எப்பக் காய்ச்சல் வந்துச்சு?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். இரட்டையர் என்பதால் பல்லை இரண்டால் பெருக்கி ஆறு என்று போட்டேன். கதவு திறந்தது.

உடனே வேலையை ஆரம்பித்தேன். "ஊசி அவர்களே, அவசரப்படாதீர்கள். ஆண்களால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய உடல்வாகு அப்படி. உங்கள் அ.க.வை நிம்மதியாக வேலைக்குப் போகவிடுங்கள்."

ஊசி உடனே பணிந்துவிட்டாள். "நீங்க சொன்னா சரிதான் அக்கா. ரெண்டு பிள்ளையைச் சமாளிக்கிறவங்க. நானே வீட்ல இருக்கேன். ஆனா இவ மதியம் தூங்கவே மாட்டேங்கறா. உங்க ரெண்டையும் எப்படித் தூங்க வைக்கிறீங்க?"

எனக்கு என்ன தெரியும்? ஆனால் மழுப்பினால் மாட்டிக்கொள்வேன். அந்தச் சனிக்கிழமை, "நீ போய்க் கொஞ்சம் படு, பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றேன். தோளில் போட்டு ஐம்பது நிமிடம் நடந்தேன். பாடினேன், அழுதது. பாட்டை நிறுத்தினேன், சிரித்தது. கடைசியில் லிஃப்ட் பராமரிப்புக் கையேட்டைச் சத்தமாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டது. அதை அப்படியே குழுவில் எழுதினேன். எண்பத்தேழு பேர் இதயம் போட்டார்கள். ஒன்பது வருட ஆபீஸ் வாழ்க்கையில் எனக்கு ஒரு இதயம்கூட விழுந்ததில்லை.

அதன் பிறகு ஊசி விடவில்லை. நகம் வெட்ட விடமாட்டேங்கறா, என்ன செய்ய? துப்பாமல் மருந்து கொடுப்பது எப்படி? நடுத்தெருவில் துணி நனைந்தால்? ஒவ்வொன்றுக்கும் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்து பார்த்துவிட்டுப் பதில் எழுதினேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாப்பா இரண்டு கையையும் நீட்ட ஆரம்பித்திருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கேள்வி வந்தே விட்டது.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல அப்பா லீவுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"நிறுத்திட்டாங்க."

"எப்ப?"

"போன வாரம்."

"சுற்றறிக்கை வந்துச்சா?"

"இல்ல. வாயாலதான் சொன்னாங்க."

அவள் பாப்பாவின் தாடையில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கைத் துடைத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊருக்குள் யாருக்கும் அகப்படாத நரம்பை ஒரே குத்தில் பிடிப்பவள் அவள். அந்த வேலைக்குப் போகாத பத்து மாதமும் அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அன்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். ஊசி ஒரே வரி எழுதியிருந்தாள்.

"என் க. என்கிட்ட பொய் சொல்றார்."

காவல் அக்கா உடனே வந்துவிட்டார். "ஊசி, 'அ' விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை அக்கா. எடுத்துட்டேன்."

அந்தக் குழுவில் அதற்கு முன் 'அ'வை எடுத்தவள் ஒருத்திதான். அவள் அதே வாரத்தில் இரண்டு பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போனவள் என்று பழைய பதிவுகளில் படித்திருந்தேன். ஒரு மெக்கானிக் போனில் கூப்பிட்டார். எந்தக் கட்டடம் என்று கேட்டார். ஏதோ ஒரு கட்டடத்தைச் சொன்னேன். இங்கே என் வீடே ஆடிக்கொண்டிருந்தது.

பதறியடித்து எழுதினேன். "ஊசி, கோபத்தில் முடிவு எடுக்காதே. உன் கணவர் நல்லவராகத்தான் இருப்பார். ஏதாவது பயத்தில் சொல்லியிருப்பார்."

"உங்க அ.க. எப்படிக்கா? பொய் சொல்வாரா?"

"என் அ.க. தங்கம். அவரிடம் ஒரு குறையும் கிடையாது."

சட்டென்று குழு அடங்கிவிட்டது. எந்நேரமும் சளசளவென்று இருக்கும் இடம். பதினோரு நிமிடம் நாலாயிரம் பேரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. கட்டி வைத்த பெட்டி எதுவும் இல்லை. மேஜை மேல் டேப்லெட் இருந்தது. எதிரே அவள் இருந்தாள்.

"உக்காருங்க இரட்டையரின் தாயே."

உட்கார்ந்தேன்.

"இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சியா?"

"இன்னைக்குக் கண்டுபிடிச்சது மத்தவங்க. குறையே இல்லாத புருஷன்னு எழுதின முதல் அம்மா நீங்கதானாம். காவல் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

"அப்ப நீ?"

"முதல் நாளே. பத்து மாசத்துல ஒரு தடவையாவது ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டுப் பல்லை எண்ணியிருக்கீங்களா? போனை வச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, ஆறு பல்லோட ஒரு புது அம்மா வந்து நிக்கறாங்க."

"பின்ன ஏன் சொல்லலை?"

"சொன்னா நகம் வெட்டக் கத்துக்கிட்டிருப்பீங்களா?"

தூக்கம், நகம், மருந்து, துணி. மூன்று வாரமாக நான் அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். பாடம் நடந்துகொண்டிருந்தது. நான்தான் மாணவன். பரீட்சையும் முடிந்துவிட்டது.

"லீவை நிறுத்திட்டாங்கன்னு சொன்னது..." என்று இழுத்தேன்.

"உங்க ஆபீஸ்ல நகல் மெஷின் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் வீட்டம்மா நம்ம குழுவுலதான் இருக்காங்க. லீவு அப்படியேதான் இருக்காம். அந்த இடத்தையும் அவரே கேட்டு வாங்கினாராம். ஜன்னல் பக்கம் வெயில்ல கண்ணு கூசுதாம்."

மூன்று வருடமாக அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"பயந்துட்டேன்" என்றேன். "உன் வேலை போயிடுமேன்னு யோசிக்காம, என் மேஜை போயிடும்னு பயந்துட்டேன். தப்புதான்."

அவள், அந்த வீட்டம்மா அனுப்பியிருந்த லீவு விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினாள். எல்லாக் கட்டமும் அவள் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். போட்டேன்.

முதல் தேதி காலை அவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பத்து மாதத்துக்குப் பிறகு வாட்ச் கட்டியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

"ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணலாமா?"

"நான் ஊசி பிடிச்சிருக்கும்போது போனை எடுக்க மாட்டேன். குழுவுல கேளுங்க. நீங்க அப்பான்னு தெரிஞ்சே உங்களைச் சேர்த்துக்கிட்டாங்க. எட்டே காலுக்குள்ள உங்க முதல் கேள்வி வந்துடும்னு எல்லாரும் அடிச்சுச் சொல்றாங்க. நான் ஒருத்திதான் உங்க பக்கம். சாயங்காலம் வரைக்கும் கேட்க மாட்டார்னு சொல்லியிருக்கேன். மானத்தைக் காப்பாத்துங்க."

சரியாக எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். நாலாயிரம் பேருக்கும் நான் யாரென்று காட்டுகிறேன், இன்று உயிரே போனாலும் ஒரு கேள்வி கேட்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

நான் கேள்வியை அனுப்பியபோது மணி எட்டு நாலு.