ஊஞ்சல் கட்டிய கார்

கெட்டுப்போன காரை ரிப்பேர் செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை ரிப்பேர் ஆக்கிய ஒரே மனிதர் சிங்கப்பூரில் எங்கள் பஃபலோ ரோட்டில்தான் இருந்தார். அதனாலேயே அவர் பெயர் ரிப்பேர் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரருக்கே அது மறந்துபோயிற்று.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்த கல்யாணமாகாத கிளார்க். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உலகத்தில் எந்தச் சிக்கலையும் சங்கிலி போட்டுத் தூக்கித் தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்று மனதார நம்பினார். என்ன செய்வது, தொழில் அப்படி.

தன் பழைய காரில் அவர் செய்த அக்கிரமங்களுக்கெல்லாம் ஒரே காரணம் அவர் மனைவி தனம் அக்கா. சக்கரம் சுற்றினால் அக்காவுக்குத் தலையும் சுற்றும். பஸ், ரயில், டாக்சி எதில் ஏறினாலும் அடுத்த முக்குத் திரும்புவதற்குள் வாந்தி. மகளைப் பாலம் தாண்டி மலாயாப் பக்கம் ஜொகூரில் கட்டிக்கொடுத்தும் அந்த வீட்டு வாசலை அக்கா பார்த்ததில்லை. இப்போது மகள் முழுகாமல் இருந்தாள். "அம்மா வந்து முதல் வளையலைப் போட்டாத்தான் எனக்கு வளைகாப்பு. இல்லாட்டி வேணாம்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

முதலில் காற்று. காருக்குள் காற்றில்லாததுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, காரின் மூக்கிலிருந்து பின்சீட்டு வரைக்கும் தகரக்குழாய் போட்டார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஜொகூருக்குப் போகிற புக்கித் தீமா ரோடு கால்வாயை ஒட்டியே போகிறது. அந்தக் காலத்துக் கால்வாயின் மணத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. குழாய் அதை ஒரு சொட்டு சிந்தாமல் வாரிக்கொண்டுவந்து அக்காவின் முகத்தில் கொட்டியது. அக்காவை விடுங்கள், துணைக்குப் போன நானே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டேன்.

"சரி, வாந்தியைத் தடுக்க முடியலைன்னா வரவேற்க வேண்டியதுதான்லா" என்றார் அண்ணன். டிரைவர் பக்கத்து சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே கை கழுவுகிற பீங்கான் தொட்டியைப் பொருத்தினார், தண்ணீர்க் குழாயோடு. மூலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சீன முதலாளி காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஈனி கெரேத்தா கா, ரூமா கா?" என்றார். இது காரா வீடா என்று மலாயில் கேட்கிறார். அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு மேல்தான் ஊஞ்சல்.

"தம்பி, தனம் வீட்டுல ஊஞ்சல்ல மணிக்கணக்கா ஆடுறா. தலை சுத்துதா? சுத்தலை. அப்ப கார்ல ஊஞ்சல் கட்டினா?"

"கார் ஒரு பக்கம் ஆடும், ஊஞ்சல் ஒரு பக்கம் ஆடும்ண்ணே."

"அதான்லா. ரெண்டும் ஆடினா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுபோயிடும்."

நான் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியவன். இருந்தும் சங்கிலியின் மறுமுனையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

பின்சீட்டு போய், கூரையிலிருந்து நாலு சங்கிலியில் பலகை தொங்கியது. அக்கா கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் பலகையின் ஓரத்தில். சிராங்கூன் ரோட்டில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வர, அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, ஊஞ்சல் நிற்கவில்லை. பின்னால் ஏறிய அக்கா முன்னால் போய்த் தொட்டியில் அமர்ந்தார்.

நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. ஆனால் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே அக்கா அழுதார். "விடுங்க. எனக்கு அந்த ராசி இல்லை. சம்பந்தியம்மாவே வளையல் போடட்டும்." அண்ணன் தலை குனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். காருக்கும் வாழ்க்கை வெறுத்துப்போய் எஞ்சின் படுத்துவிட்டது. அக்காவை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நானும் அண்ணனும் எங்கள் தெரு வரை தள்ளினோம். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.

வீட்டு வாசலில் இறங்கிய அக்கா மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, இவ்வளவு தூரம் வந்தும் தலை சுத்தலைங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்ல, அதனாலயோ என்னமோ."

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்ப நீயே ஓட்டு" என்றார்.

தெருவே வாயில் கை வைத்தது. "பொம்பளைகிட்ட காரைக் குடுத்துட்டு நீங்க என்ன சட்டி கழுவப் போறீங்களா?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார்.

"கழுவுறேன்லா. தொட்டிதான் கார்லயே இருக்கே."

பாரர் பார்க் திடலில் தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. லைசென்ஸ் பரீட்சைக்கு மட்டும் வேறு காரை வாடகைக்கு எடுத்தார். தன் காரைக் கண்டால் பரீட்சை அதிகாரி ஓடிவிடுவார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அக்கா இரண்டாம் தடவையில் பாஸ்.

வளைகாப்பன்று பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா ஓட்டினார். ஊஞ்சலில் நானும் அண்ணனும், என் மடியில் வளையல் தட்டு. இத்தனை வருஷத்தில் அண்ணன் தன் காரில் ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்ததே இல்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. புக்கித் தீமா ஏழாங்கட்டை மைல்கல் தாண்டியதும் அவர் முகம் வெளிறியது. "தம்பி, ஊஞ்சலைப் பிடிலா" என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்து போய்த் தொட்டியைக் கட்டிக்கொண்டவர், ஜொகூர் பாலம் வரை அதை விடவில்லை.

"நிறுத்தட்டுமாங்க?" என்று அக்கா பதறினார்.

"நிறுத்தாதே தனம். நல்ல நேரம் போயிடும். நீ போய்க்கிட்டே இரு."

வாசலில் கார் நின்றதும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் சேலையில் ஒரு கறையும் இல்லாததைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா வந்தே? யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?" என்று கேட்டாள்.

அக்கா வெட்கத்தில் கார்ச் சாவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். வாசலோரச் சாக்கடைத் திட்டில் குந்தியிருந்த அண்ணனுக்கோ, பாவம், பேசுவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கித் தன் மனைவியைக் காட்டினார். அந்த முகத்தில் அத்தனை பெருமை. எங்கள் தெருவில் அவரைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரில், அதைப் பார்க்கக் கொடுத்துவைத்தவன் நான் ஒருவன்தான்.