என் இடுப்பளவில் ஓர் அடுப்பு மேடை

இனி ஞாயிற்றுக்கிழமைகளை ஊர் நன்மைக்கே அர்ப்பணிப்பது என்று முடிவு செய்தேன். ஊர்மேல் அவ்வளவு அன்பா என்று கேட்டால், இல்லை. வீட்டில் இருந்தால் அடுப்பு மேடையை இடிக்கச் சொல்கிறாள் என் மனைவி சீதாலக்ஷ்மி.

கரமனையில் இந்த வீட்டைக் கட்டியபோது அவள் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தாள். மேடை எத்தனை உயரம் என்று கொத்தனார் கேட்டார். நிமிர்ந்து நின்று என் இடுப்பைக் காட்டினேன். நான் ஆறடி. அவள் ஐந்தடிக்கும் குறைவு. கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள் மேடையைப் பார்த்தாள். ஒரு மணையைப் போட்டு, ஏறி நின்று பால் காய்ச்சிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். முப்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. நினைத்தால் இன்றும் மனசு குழைகிறது. இடிக்கத்தான் மனசு வரவில்லை.

"முட்டி வலிக்கறது. இனி மணையிலே ஏற முடியாதாக்கும்."

"மேடையை உடைச்சா சுவர் விண்டுபோகும்டீ!"

"பின்னே இதைப் பாருங்கோ" என்று போனை நீட்டினாள். பழவங்காடிக்காரர்கள் சிலர் சேர்ந்து வித்துரா மலைப்பக்கம் மாடம்மாள் என்ற ஏழைப் பெண்ணின் குடும்பத்துக்கு வீடு கட்டித் தருகிறார்களாம். ஞாயிறுதோறும் கூடமாட வேலை செய்ய ஆள் வேண்டுமாம். தப்பித்தோம் என்று பெயர் கொடுத்தேன்.

போன முதல் நாளே பழைய காலம் திரும்பிவிட்டது. ஈரச் சிமென்ட் வாசனை, பால் விடாத கட்டன் சாயா. அந்த நாளில் காலையில் எங்கள் சுவரை நனைத்துவிட்டு, "இன்று ஜன்னல் மட்டம் வந்தாச்சு" என்று அவளுக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் தளவாய் கேட்டார். "சாரே, அடுப்பு மேடை எம்புட்டு உயரம்?"

நிமிர்ந்து நின்று என் இடுப்பைக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு மாடம்மாள் வந்தாள். மேடை அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

"இதுல சோறு பொங்க நான் ஏணியில்லா வைக்கணும்?"

"அளவு குடுத்தது ஆரு?" என்றார் தளவாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உளியும் சுத்தியலும் என் கைக்கு வந்தன. சுவருக்குச் சேதமில்லாமல் ஓரத்தைக் கொத்தி, கல்லைப் பெயர்த்து, மாடம்மாளை நிற்கவைத்து அளந்து, இறக்கிப் பதிக்கத் தளவாய் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம், "சாரு கொத்தனார் ஆயாச்சு!" என்று அவர் சொன்னதும் ஒரே கைதட்டல்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் பாத்திரமெல்லாம் ஒழித்துவைத்திருந்தது. மேடைமேல் ஒரு புது உளி, ஒரு புது சுத்தியல்.

"என்னடீ இது?"

"தளவாய் போன் பண்ணினார். சுவர் விண்டுபோகாம உடைக்க உங்களுக்கு நன்னா வருமாமே!"

"உன் நம்பர் அவருக்கு எப்படி?"

"நீங்க பேர் குடுக்கறதுக்கு ரெண்டு நாள் முந்தியே உங்க பேரையும் என் நம்பரையும் அவர்கிட்டே நான் குடுத்தாச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டா சம்மதிக்க மாட்டேள். அதான் உங்களையே கொத்தனார் ஆக்கிட்டேன்."

உடைத்தேன். முதல்முறையாக அவளை நிற்கவைத்து அளந்து, மேடையை இறக்கிப் பதித்தேன். அவள் தரையில் நின்று பால் காய்ச்சிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷம் ஏன் செய்யாமல் இருந்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"கேட்டேளா, வர ஞாயித்துக்கிழமை வித்துராவுக்கு நான் போறேன். அங்கே சொல்லியாச்சு."

"அப்போ சமையல்?"

"கொத்தனாருக்குத் தன் மேடையிலே நம்பிக்கை இல்லையா?"

இப்போது ஞாயிறுதோறும் அவள் வீடு கட்டப் போகிறாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நின்று சாம்பார் கிளறுகிறேன்.