எண்ணெய் பூசினால் வழக்கில்லை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போயின. அத்தனையிலும் தேடினாலும், சட்டத்தைப் போத்தலில் அடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். அவர் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர். ஊர் வைத்த பெயர் 'நல்லெண்ணெய்'. அந்தப் பெயருக்கு முக்கால்வாசிக் காரணம் சட்டம். மீதி, அவருக்காக வழக்குப் பேசிய பிறக்கிராசி. அதாவது நான். தோற்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவன்.

அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். கடற்கரையில் நின்ற அவருடைய மகனைப் பொலிசார் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தபோது வலது கை தூக்க ஏலாமல் தொங்கியது. அடித்த தழும்பு தெரியாமலிருக்க முதுகெல்லாம் எண்ணெய் பூசி அனுப்பியிருந்தார்கள். அடித்த இன்ஸ்பெக்டர் மேல் நட்டஈட்டு வழக்குப் போட்டேன்.

நீதிபதி ஆங்கிலத்தில் சொன்னதைத் தடிமன் பிடித்த மொழிபெயர்ப்பாளர் மூக்கால் தமிழாக்கினார்: "உத்தியோகத்தர் நல்லெண்ணத்தோடு செய்திருந்தால் வழக்கு வைக்க ஏலாது."

நம்மவர் எழும்பினார். "ஓம் ஐயா, பூசினவைதான். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எண்டு மகனிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

நீதிமன்றமே சிரித்தது. வழக்கு தள்ளுபடி.

வெளியே வந்து விளக்கினேன். "எண்ணெய் இல்லை அண்ணை, எண்ணம். நல்ல எண்ணம்."

"எண்ணத்தை ஆர் கண்டது, பிறக்கிராசியார்? எண்ணெய் எண்டால் மணக்குமெல்லே."

அன்றிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலும் கையுமானார். பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் குனிந்து ஒரு சொட்டுப் பூசுவார். "இனி வழக்கில்லை." மீன் சந்தையில் ஒருவனைப் பரம்பரையோடு திட்டிவிட்டு, அவன் காதில் எண்ணெய் விட்டார்.

ஒருநாள் சந்தைக்கு அந்த இன்ஸ்பெக்டரே வந்தார். நல்லெண்ணெய் நேரே போய்க் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு நிதானமாகப் போத்தலைத் திறந்து, சிவந்த இடத்தில் பூசத் தொடங்கினார்.

நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு முன்பற்கள் இல்லை. என் காதோடு சொன்னார்: "அடிச்சவை எண்ணெய் பூசேல்லை, பிறக்கிராசியார். இதுக்கு வழக்கு வைக்கலாம்."

எனக்கு வேறு வாதம் தோன்றவில்லை. "என் கட்சிக்காரரும் நல்லெண்ணத்தோடுதான் அறைந்தார்" என்றேன். "அது உத்தியோகத்தருக்கு மட்டும்" என்று நீதவான் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆறு மாதம் கொடுத்தார்.

அவர் உள்ளே இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சல்லிக்குப் போய், அவருடைய இடத்தில் கரைவலைக் கயிறு பிடித்தேன்.

"விடுங்கோ ஐயா, நீங்கள் இழுக்கேக்க வலை கடலுக்குத்தான் போகுது" என்றான் மகன், இடது கையால் இழுத்தபடி.

நான் விடவில்லை.