காத்துக் காக்காவின் துவக்குக்கு வந்த வருத்தம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் தேடினாலும், காற்றோடு நேரடியாகச் சண்டை பிடித்த மனிதர், ஊரே அண்ணன் முறையில் கூப்பிட்ட எங்கள் காத்துக் காக்கா ஒருவர்தான். மற்றவர்கள் வரம்பை வெட்டிய பக்கத்து வயல்காரனோடு சண்டை பிடிப்பார்கள், மேலதிகாரியோடு பிடிப்பார்கள். இவருக்கு எதிரி காற்று மட்டும்தான். வெடி குறி தவறினால் குற்றவாளி காற்று. தென்னோலைகூட அசையாத நாளிலும் காற்றுத்தான்.

எழுபதுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். நான் கிளார்க், அவர் ஸ்டோர் பொறுப்பு. நாட்டை விட்டுப் போன ஓர் எஞ்சினியர் தன்னுடைய தூரக்குறி ரைபிளை, லைசன்ஸெல்லாம் மாற்றி, இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊரில் மற்றவர்களின் துவக்குகள் பன்றி விரட்டின. காக்காவின் துவக்கு, வெகு தூரத்தில் நட்ட பலகையில் ஒட்டிய கறுப்பு வட்டத்தை மட்டும் சுட்டது. இவ்வளவு பெரிய துவக்கை வைத்துக்கொண்டு கடதாசியைச் சுடுகிறாரே என்று ஊரே சிரித்தது.

வருடத்துக்கு ஒரு முறை அம்பாறையில் தூரக்குறிப் போட்டி நடக்கும். எங்கள் கரையோரத்திலிருந்து சுடும் குழுவில் இருந்தவர் காக்கா மட்டும்தான். அந்த வருடம் அவருடைய வெடிகள் கண்டபடி சிதறத் தொடங்கின. குழுத் தலைவர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: போட்டியில் குறி இப்படியே சிதறினால் அடுத்த வருடம் அவருடைய இடம் ஒரு பல் டாக்டருக்குப் போய்விடும்.

காக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "பல்லுப் புடுங்கிறவனுக்கு என்ட இடமா? அவர்ர இடத்துல போய் நான் பல்லுப் புடுங்கட்டா?"

துவக்குக்கு வந்த வருத்தம் விசித்திரமான நோய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடியெல்லாம் இடப்பக்கம் போகும். சரியென்று குறியை வலப்பக்கம் திருத்தி வைத்தால், அடுத்த ஞாயிறு எல்லாம் வலப்பக்கம் போகும். முதல் இரண்டு வெடி ஒழுங்காகப் படும், குழல் சூடேறியதும் அலையத் தொடங்கும். ஒரே பிழையை ஒழுங்காகச் செய்தால் திருத்தலாம். இது அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"ஒரு நேரத்துல ஒண்டத்தான் மாத்தணும் தம்பி. ரெண்டையும் சேத்து மாத்தினா கள்ளன் ஆரெண்டு தெரியாது" என்பார் காக்கா. அருமையான கொள்கைதான். அந்தக் கொள்கையால் செத்தவர்கள் நாங்கள்.

முதலில் காற்று. நாவிதன்வெளிப் பக்கம் பெரிய வயல்காரரான போடியார் ஒருவரின் அறுத்த வயலில்தான் பயிற்சி. பலகைக்குப் பின்னால் உயரமான மண்மேடு. வழிநெடுக ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தார். சந்தனக்கூடு ஏதும் வருகிறதா என்று ரோட்டால் போனவர்கள் இறங்கி வந்து விசாரித்தார்கள்.

அடுத்தது தோட்டா. எல்லாம் ஒரே நிறையா என்று பார்க்க நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். தாலிக்கொடி நிறுக்க வந்திருந்த பெண்கள் கடையை விட்டே இறங்கிப் போனார்கள்.

பிறகு நெஞ்சுத் துடிப்பு. தேத்தண்ணீர் குடித்தால் கை ஆடுகிறதென்று அதை நிறுத்தினார். தேத்தண்ணீர் குடிக்காத காத்துக் காக்கா, குடித்த காத்துக் காக்காவைவிட நாலு மடங்கு ஆபத்தானவர். ஸ்டோரில் ஓர் ஆணி வாங்கப் போனவன் கண்கலங்கி வந்தான். கடைசியில் நாங்களே கேத்தலைத் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்சிக் குடிக்க வைத்தோம்.

துவக்கைத் தாங்கும் மணல் பை இறுகிவிட்டதென்று நெல்லை நிரப்பினார். மூச்சைப் பிடித்துக் குறி பார்க்கும் நேரம், பையின் ஓட்டையால் சிந்திய நெல்லைக் கொத்த மைனா ஒன்று குழலுக்குக் கீழே வந்து நின்றது. மனிதர் அசையவில்லை. சுட்டார். மைனா பறந்தது. வெடி பலகையைத் தாண்டி, மேட்டில் போடியாரின் மிளகாய்ப் பாத்தியில் நின்ற வெருளிப் பொம்மையின் நெஞ்சில் பட்டது.

போடியார் வந்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "காக்கா, இனி வெருளியக் குறி வெய்யுங்க. அப்பயாச்சும் பலகையில படும்."

"காத்து போடியார், காத்து!"

"ஓம் ஓம். என்ட வெருளியும் காத்துலதான் வந்து குறுக்க நிண்டது."

போட்டிக்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். துவக்கை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தார். அந்தத் துவக்கில் எப்போதும் ஒரு சாம்பிராணி வாசம் இருக்கும். அவருடைய பிரியத்துக்கு அளவில்லை, துவக்குக்கும் வாசம் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஒண்டே ஒண்டுதான் இன்னும் பாக்கல்ல" என்றார். "குழல் கீழ்க்கட்டையில முட்டப்படாது. இடையில ஒரு கடதாசி போய் வரணும். எங்கயாவது முட்டிச்செண்டா, குழல் சூடாக வெடி மற்றப் பக்கம் போகும்."

தேயிலை சுற்றிவந்த தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் தாள் நின்றது. மறுபடி இழுத்தார். அதே இடத்தில் நின்றது. கட்டையைக் கழற்றினார். மெழுகுச்சீலை சுற்றி, கறுப்பு நூலால் முடிச்சுப் போட்ட சின்னப் பொட்டலம் ஒன்று மடியில் விழுந்தது. ஓதிக் கட்டிய காவல் தாயத்து.

"சதி!" என்று எழும்பினார். "அந்தப் பல் டாக்டர்..."

சொல்லிக்கொண்டே அதை மூக்கருகில் பிடித்தார். சாம்பிராணி. அப்படியே திரும்ப உட்கார்ந்தார். எனக்கும் விளங்கிவிட்டது. வியாழக்கிழமை தோறும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டும் ராத்தா, அவருடைய மனைவி, இதையும் நூலில் பிடித்து இழுத்தெடுத்துப் புகை காட்டித் திரும்பச் செருகியிருக்கிறார். ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம். மனிதர் ஒன்றை மாற்றும்போதெல்லாம் வீட்டில் இன்னொன்று மாறிக்கொண்டிருந்தது.

இப்போது வெடிக்கப் போகிறார் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். ராத்தா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் அவர் ஒருமுறை பார்த்தார். பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கட்டையைப் பூட்டினார். "தம்பி, வாயத் திறக்காதே" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் அம்பாறையில் அவருடைய வெடிகளெல்லாம் தேத்தண்ணீர்க் கோப்பை வைக்கும் ஒரு பீரிசால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. பல் டாக்டரே வந்து கை கொடுத்தார். காக்கா அவரிடம் தன் கடைவாய்ப் பல்லைக் காட்டி ஆலோசனையும் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ராத்தாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த வேகத்தில் உண்மையும் வந்துவிட்டது.

"இஞ்சாருங்க, ஏசப்படாது. துவக்குக்குள்ள நான் ஒரு காவல் ஓதி வெச்சிருக்கன்."

"குறி படணும் எண்டா புள்ள?"

"குறி பட்டா என்ன, படாட்டி என்ன? அது வெடிச்சு உங்கட முகத்துல படப்படாது எண்டுதான். ஒவ்வொரு ஞாயிறும் நீங்க திரும்பி வாற வரைக்கும் எனக்குச் சீவன் இல்ல."

காற்றிலிருந்து தேத்தண்ணீர் வரைக்கும் எல்லாவற்றோடும் வழக்குப் பேசிய மனிதர், தன் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அப்ப அது நல்லாத்தான் வேலை செஞ்சிரிக்கி" என்றார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் காக்கா கந்தோரில் நிற்பதில்லை. பின்னேரமானதும் சைக்கிளை எடுத்துவிடுவார். ராத்தா சாம்பிராணிச் சட்டியைத் தூக்குமுன் அந்தப் பொட்டலத்தைத் துவக்குக்குள் திரும்பச் செருக வேண்டுமே. வெள்ளி காலையில் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார், நெஞ்சுப் பக்கம்.

"எங்க இவ்வளவு அவசரமா?" என்று கந்தோரின் பெரியவர் கேட்பார்.

"காத்து மாறுது சேர்."

பின்னால் காலம் கெட்டு, ஊரில் இருந்த துவக்குகளையெல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். காக்காவும் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பும்போது நானும் கூட வந்தேன். அன்று வியாழக்கிழமை. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து ராத்தாவிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள, புகை காட்டித் தா. இனி இது என்னட்டயே இரிக்கட்டும்."

ராத்தா அதை வாங்கிப் பார்த்தார். எத்தனை வருடமாக அது எங்கே இருந்ததென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டியை மூட்டப் போனார். அந்த இருவரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.